காய்ச்சலோடு குணம் மாறினால் காத்திருக்க வேண்டாம்

எமது ஊர்களில் ‘சன்னி’ என்றொரு சொல் புழக்கத்தில் இருந்தது. காய்ச்சல் முற்றி, நோயாளி ஆட்களை அடையாளம் தெரியாமல் அலட்டத் தொடங்கினால், ‘சன்னி கண்டுவிட்டது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகு ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று எவரும் இருந்ததில்லை. 1990களில் வன்னியில் மலேரியா பரவியிருந்தபோது, எரிபொருள் இல்லாத நாட்களிலும் நோயாளியைச் சைக்கிளிலும் மாட்டு வண்டிலிலும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் எம்மவர்கள். மலேரியா மூளையை என்ன செய்கிறது என்ற விளக்கம் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. காய்ச்சலும் புத்தித் தடுமாற்றமும் சேர்ந்து வந்தால் உயிருக்கு ஆபத்து என்பது தெரிந்திருந்தது. அது போதுமாயிருந்தது.

2016 இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோயோடு சேர்த்து அந்த எச்சரிக்கையையும் நாம் தொலைத்துவிட்டோமோ என்று எண்ணத் தோன்றுகிறது. தொலைபேசியில் மூன்று எண்களை அழுத்தினால் அம்புலன்ஸ் வந்து நிற்கும் இந்தப் பிரித்தானியாவில், காய்ச்சலோடு தடுமாறும் ஒருவரை இரண்டு மூன்று நாட்கள் பனடோலுடன் வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. தாயகத்தில் மருத்துவம் பயின்று, அகதிகளாக இங்கு வந்து, பரீட்சைகளை மீண்டும் எழுதிக் குடும்ப வைத்தியர்களான எம் போன்றோருக்கு இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும். ஆகவேதான் இம்முறை மூளையைத் தாக்கும் வைரசுக்கள் பற்றி எழுதுகிறோம்.

வைரசு மூளைக்குள் எப்படிப் போகிறது?

மூளை எளிதில் நுழையக்கூடிய இடமல்ல. அதன் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் கலங்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டி ஒரு வேலி போல அமைந்துள்ளன. இரத்தத்தில் வரும் பல பொருட்களை அந்த வேலி தடுத்துவிடும். அப்படியிருந்தும் சில வைரசுக்கள் உள்ளே போய்விடுகின்றன. அவை போகும் வழிகள் முக்கியமாக மூன்று.

முதலாவது, இரத்த வழி. நுளம்பு கடிப்பதால் பரவும் ஜப்பானிய மூளையழற்சி வைரசு இரத்தத்தில் பெருகி, அங்கிருந்து மூளைக்குப் போகிறது. 1980களின் நடுப்பகுதியில் அனுராதபுரம் பக்கம் இந்த நோய் பரவியது எம்மில் சிலருக்கு நினைவிருக்கும். இரண்டாவது, நரம்பு வழி. விசர்நாய்க்கடி வைரசு கடிபட்ட இடத்தின் நரம்புக்குள் புகுந்து, அந்த நரம்பையே பாதையாக்கிக்கொண்டு மூளையை நோக்கிப் பயணிக்கிறது. மூன்றாவது, மாறுவேட வழி. எயிட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரசு எமது வெண்குருதிக் கலங்களுக்குள் ஒளிந்துகொண்டு, காவற்காரனோடு கள்ளனும் சேர்ந்து வருவது போல, வேலியைத் தாண்டிவிடுகிறது.

உள்ளே போன வைரசு, நரம்புக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தில், பூட்டில் திறப்புப் பொருந்துவது போலப் பொருந்திக்கொள்கிறது. பிறகு கலத்துக்குள் புகுந்து, அதன் இயந்திரங்களைக் கொண்டே தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கான பிரதிகளைச் செய்விக்கிறது. அவை அடுத்தடுத்த கலங்களுக்குப் பரவுகின்றன.

மூளை எப்படிப் போராடுகிறது?

தோலிலோ ஈரலிலோ ஒரு கலம் வைரசினால் பாதிக்கப்பட்டால், உடல் அந்தக் கலத்தையே அழித்துவிட்டுப் புதிய கலத்தை உண்டாக்கிக்கொள்ளும். மூளையில் இது சரிவராது. நரம்புக் கலங்கள் போனால் பெரும்பாலும் போனதுதான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த முடியுமா? ஆகவே மூளை, இயன்றவரை கலத்தைக் கொல்லாமல், அதற்குள் இருக்கும் வைரசை அடக்கப் பார்க்கிறது.

இதில் முதல் ஆயுதம் இன்ரர்பெரோன் என்னும் புரதம். வைரசு புகுந்த கலம் இதை வெளியிட்டு அயலிலுள்ள கலங்களை எச்சரிக்கிறது. எச்சரிக்கை கிடைத்த கலங்கள் வைரசு பெருக முடியாதபடி தம்மைத் தயார்ப்படுத்திக்கொள்கின்றன. அலிக் ஐசாக்ஸ், ழான் லிண்டன்மன் என்ற இரு விஞ்ஞானிகள் 1957 இல் இதைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த இடம் வடமேற்கு இலண்டனில், எம்மவர் பலர் வாழும் பகுதிகளுக்கு அருகே, அக்காலத்தில் மில் ஹில்லில் இயங்கிய தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையம்.

அடுத்து, மூளையிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் நுண் காவற்கலங்கள் விழித்தெழுகின்றன. அவை அழைப்பு விடுக்க, இரத்தத்திலிருந்து வெண்குருதிக் கலங்களும் பிறபொருளெதிரிகளும் வந்து சேருகின்றன. இந்தப் போராட்டத்தையே மூளையழற்சி என்கிறோம். இதனால் மூளை வீங்குகிறது. காலில் வீக்கம் வந்தால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். மூளையைச் சுற்றியிருப்பதோ எலும்புப் பெட்டி. வீக்கத்துக்கு அங்கே இடமில்லை. எனவே சேதத்தில் ஒரு பங்கை வைரசு செய்கிறது, இன்னொரு பங்கை எம்மைக் காக்க வந்த படையே செய்துவிடுகிறது. போர் நடந்த ஊரிலிருந்து வந்த எமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

உதட்டுக் கொப்புளத்தின் வைரசு

பிரித்தானியா போன்ற நாடுகளில் வைரசு மூளையழற்சிக்கு முதன்மைக் காரணமாக இருப்பது ஹேர்ப்பிஸ் சிம்பிளெக்ஸ் என்ற வைரசு. காய்ச்சல், தடிமன் நேரங்களில் சிலருக்கு உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதை உண்டாக்குவதும் இதுதான். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 வீதமானோர் இதன் முதல் வகையைக் காவுகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதாவது இதை வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் உடலில் இது உண்டு. முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு முடிச்சில் அது ஆயுள் முழுதும் உறங்கிக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டியதில்லை. அது மூளைக்குள் புகுவது மிக அரிது. ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் 2 முதல் 4 பேர் வரையே.

ஏன் அந்த ஒரு சிலருக்கு மட்டும்? பாரிசில் ழான் லோரான் கசனோவா குழுவினர் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், இந்நோய் கண்ட சில பிள்ளைகளுக்கு இன்ரர்பெரோன் எச்சரிக்கை வேலை செய்வதற்கு வேண்டிய மரபணு ஒன்றில் பிறப்பிலேயே குறை இருந்ததைக் காட்டின. மற்ற நோய்களை அந்தப் பிள்ளைகள் சாதாரணமாகவே தாங்கிக்கொண்டார்கள். தாய் குளிரில் வெளியே கொண்டுபோனதாலோ, தலையில் தண்ணீர் வார்த்ததாலோ இது வருவதில்லை. தாய்மாரைக் குற்றஞ்சாட்டும் பழக்கம் எம்மிடம் இருப்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்த வைரசு பெரும்பாலும் தாக்குவது காதுக்கு உட்புறமாக இருக்கும் மூளைப் பகுதியை. ஞாபகம், பேச்சு, உணர்ச்சி, குணம் எல்லாம் அங்கேதான் தங்கியிருக்கின்றன. அதனால்தான் இந்நோய் கை கால் விழுவதோடு தொடங்காமல், ஆள் மாறிப்போவதோடு தொடங்குகிறது. சாந்தமான அப்பா சினந்து கத்துகிறார். கணக்கில் புலியான மகன் நேற்று நடந்ததைக் கேட்டால் விழிக்கிறான். தலையிடி, காய்ச்சல், சத்தி ஆகியவற்றோடு இவையும் வரும். பிறகு வலிப்பும் மயக்கமும் வரலாம். நோய் காண்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் 20 வயதுக்குட்பட்டவர்கள். அரைவாசிப் பேர் 50 வயதைத் தாண்டியவர்கள்.

மருந்து இருக்கிறது, நேரம்தான் இல்லை

சிகிச்சை இல்லாவிட்டால் இந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழ 70 வீதமானோர் இறந்துவிடுவார்கள். 1980களில் அசைக்குளோவிர் என்ற மருந்து வந்த பிறகு இந்த நிலை மாறியது. சுவீடனில் 1984 இலும் அமெரிக்காவில் 1986 இலும் வெளியான இரு ஆய்வுகளில், இம்மருந்தைப் பெற்றவர்களிடையே இறப்பு முறையே 19, 28 வீதமாகக் குறைந்தது. மருந்தை உருவாக்கிய ஆய்வுகூடத்தை வழிநடத்திய கேர்ட்றூட் எலியன் என்ற பெண் விஞ்ஞானி 1988 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இம்மருந்தை விழிக்கச் செய்வது வைரசின் சொந்த நொதியமே. அதனால் வைரசு இல்லாத கலங்களை அது பெரிதாகத் தொடுவதில்லை. கள்ளன் தன் கையாலேயே விலங்கைப் பூட்டிக்கொள்வது போன்ற ஏற்பாடு.

ஆனால் மருந்து வைரசு பெருகுவதைத்தான் நிறுத்தும். இறந்துபோன கலத்தை அது எழுப்பாது. 2002 இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்று, வைத்தியசாலைக்கு வந்து இரண்டு நாட்களுக்கு மேல் தாமதித்து மருந்து தொடங்கப்பட்டவர்களின் முடிவு மோசமாக இருந்ததைக் கண்டது. எனவே சந்தேகம் எழுந்தவுடனேயே, சோதனை முடிவு வரமுன்னரே, நாளத்தினூடாக மருந்தைத் தொடங்குவதுதான் முறை. குளிசையாகக் கொடுத்தால் இதற்குப் போதாது. வைத்தியசாலையில் இரண்டு அல்லது மூன்று வாரங்கள் ஊசி வழியாகவே ஏற்றவேண்டும்.

முதற் சோதனை நடப்பது தமிழில்

சந்தேகம் எழுந்தவுடன் என்றோம். யாருக்கு எழவேண்டும்? எமது கருத்தின் மையம் இதுதான். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன்னால், முள்ளந்தண்டு நீர்ச் சோதனைக்கு முன்னால், இந்நோய்க்கு ஒரு சோதனை உண்டு. ‘இவர் வழமையாக இப்படி இல்லை’ என்று ஒருவர் கண்டறிவதே அது. ஆளை நன்கு அறிந்த வீட்டார் மட்டுமே அதைச் செய்யமுடியும்.

எம் குடும்பங்களில் இது இன்னும் முக்கியம். எழுபது வயது அம்மா அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்து தமிழில் ஏதோ சொல்கிறார். அவர் சொல்வது தெளிவான பேச்சா, அலட்டலா என்று அங்கு நிற்கும் ஆங்கில வைத்தியரால் எப்படி அறியமுடியும்? ‘அவருக்கு ஆங்கிலம் தெரியாது’ என்று குறிப்பெழுதிவிட்டுப் போகவும் கூடும். இருபது வருடம் கடையில் ஆங்கிலத்தில் வியாபாரம் செய்த ஒருவர் திடீரென ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் மட்டும் பேசத் தொடங்கினால், அதுவே பெரிய அறிகுறி. அது வீட்டாருக்குத்தான் தெரியும். அவர்கள் வாய் திறந்து சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும்.

எம்மவர்கள் பலர் அதைச் சொல்வதில்லை. ‘விசர் என்று எழுதிவிடுவார்கள்’, ‘நாலு பேருக்குத் தெரிந்தால் பிள்ளையின் கலியாணம் என்ன ஆகும்’ என்ற பயம். காய்ச்சலையும் தலையிடியையும் சொல்லிவிட்டு, குணம் மாறியதை மறைத்துவிடுகிறார்கள். வைத்தியரும் சாதாரண வைரசுக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நாவூறு என்று நூல் கட்டுபவர்கள் கட்டட்டும். அதில் எமக்குச் சண்டையில்லை. அம்புலன்சுக்கு அழைத்துவிட்டுக் கட்டுங்கள் என்பதே எம் வேண்டுகோள்.

வைத்தியத் துறையினரிடமும் சொல்லவேண்டியது உண்டு. அகதியாக வந்தவர் குழம்பிப் பேசினால், ‘போர்க்கால மனவடு’ என்ற விளக்கம் விரைவாகவே வந்துவிடுகிறது. மனவடு எம் மக்களிடம் உண்டுதான். அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் மனவடு காய்ச்சலைக் கொண்டுவராது. காய்ச்சலோடு ஒரே வாரத்தில் ஒருவரின் குணம் மாறினால் முதலில் மூளையைச் சோதியுங்கள், கடந்தகாலத்தைப் பிறகு கேட்கலாம்.

குடும்பங்கள் செய்யவேண்டியவை

1. காய்ச்சலோடு, அல்லது காய்ச்சல் வந்து சில நாட்களுக்குள், குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், புதிதான குணமாற்றம், வலிப்பு, எழுப்ப முடியாத உறக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் 999 ஐ அழையுங்கள். குடும்ப வைத்தியரிடம் நேரம் கேட்டுக் காத்திருக்கவேண்டாம். இது பக்றீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். அதற்கும் அவசரம் இதேதான். பத்துப் பேர் போய் ஒன்பது பேர் வேறு சிறிய காரணத்தோடு திரும்பி வந்தாலும் நட்டமில்லை.

2. ‘இவர் வழமையாக இப்படி இல்லை’ என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். எப்போது மாறினார், என்ன மாறியது என்று ஓர் உதாரணத்தோடு சொல்லுங்கள்.

3. பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். தன் அம்மம்மா பொருளற்றுப் பேசுவதை ஒரு பிள்ளை அப்படியே சொல்லாது; திருத்திச் சொல்லும். என்.எச்.எஸ். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அது இலவசம்.

4. முள்ளந்தண்டு நீர் எடுக்கக் கேட்டால் மறுக்காதீர்கள். ‘முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது’ என்ற பேச்சு எம்மிடையே பரவலாக உண்டு. முண்ணாண் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே. சில நாட்களுக்குத் தலையிடி இருக்கலாம். அந்த நீரில்தான் வைரசின் தடயம் கிடைக்கும். முதல் ஓரிரு நாட்களில் அது தெரியாமலும் போகலாம் என்பதால் இரண்டாம் முறை கேட்டாலும் சம்மதியுங்கள்.

5. விடுதியில் படுத்திருப்பவரின் நிலை மோசமாவதாகத் தோன்றியும் எவரும் கவனிக்காவிட்டால், ‘மார்த்தா விதி’ என்று சொல்லிக் கேளுங்கள். இங்கிலாந்தின் வைத்தியசாலைகளில் 2024 முதல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டின்படி, வேறொரு வைத்தியக் குழு வந்து நோயாளியை உடனே பார்க்கவேண்டும் என்று குடும்பத்தவர் கோரலாம். அதைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

வராமல் தடுக்கக்கூடியவை

ஹேர்ப்பிஸ் வைரசுக்குத் தடுப்பூசி இல்லை. மூளையைத் தாக்கும் வேறு சில வைரசுக்களுக்கு உண்டு. சின்னமுத்து வந்த பிள்ளைகளில் மிகச் சிலருக்கு, வைரசு மூளைக்குள் ஒளிந்திருந்து, பல ஆண்டுகள் கழித்து மூளையை மெல்ல மெல்ல அழிக்கிறது. குழந்தைப் பருவத்தில் சின்னமுத்து கண்டவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998 இல் வந்த கட்டுரையை, அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் விலக்கிக்கொண்டது. ஆயினும் அந்தப் பயம் எம் வீடுகளில் இன்னும் உலவுகிறது. 2024 இல் மட்டும் இங்கிலாந்தில் 2,900க்கு மேற்பட்ட சின்னமுத்து நோயாளர்கள் பதிவானார்கள். பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

விடுமுறைக்குத் தாயகம் போகும் குடும்பங்களுக்கு இன்னொன்று. தெருநாயோ பூனையோ கடித்தால், பிராண்டினாலும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அங்குள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். ‘இலண்டன் திரும்பிப் பார்ப்போம்’ என்பது வேண்டாம். வைரசு நரம்பு வழியே ஏறிக்கொண்டிருக்கும் அந்த நாட்களிலேயே தடுப்பூசியால் அதை நிறுத்தமுடியும். அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்றே சொல்லலாம். திட்டுவார்கள் என்று பிள்ளைகள் கடியை மறைப்பார்கள். போகமுன்னரே அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

பிழைத்து வந்தவர்கள்

மூளையழற்சியிலிருந்து மீண்டவரைப் பார்த்தால் ஆள் சுகமாகத் தெரிவார். நடப்பார், சிரிப்பார். ஆனால் கேட்டதையே திரும்பக் கேட்பார்; சட்டென்று கோபப்படுவார்; முன்பு செய்த வேலையைச் செய்யமாட்டார். ‘சோம்பேறி’, ‘நடிப்பு’ என்று உறவினர்கள் சொல்லும்போது அந்தக் குடும்பம் இன்னொருமுறை நொந்துபோகிறது. சிலருக்கு, சுகமாகிச் சில வாரங்களில் குழப்பம் திரும்பவும் வரலாம். 2018 இல் வெளிவந்த ஸ்பானிய ஆய்வில், தொடர்ந்து கவனிக்கப்பட்ட 51 பேரில் 14 பேருக்கு, உடலின் எதிர்ப்புப் படையே மூளையைத் தாக்கத் தொடங்கியிருந்தது. அதற்கும் சிகிச்சை உண்டு. ‘பழைய விசர் திரும்பிவிட்டது’ என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

2014 முதல் ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 22 உலக மூளையழற்சி நாளாக அனுசரிக்கப்படுகிறது. அதற்கென விழா எடுக்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தை, ஆங்கிலம் மட்டுமே வாசிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இன்றிரவு சாப்பாட்டு மேசையில் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்கு ஏதும் நடந்தால், ‘எங்கள் அப்பா இப்படி இல்லை’ என்று வைத்தியரிடம் சொல்லப்போவது அவர்கள்தான்.